தெரியாது, சார்

எங்கள் லைனில் குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அம்மா, அப்பா என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். மூன்றாவதாகக் கற்றுக்கொடுப்பது ‘தெரியாது’. லைன் என்றால் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தங்கம் எடுக்கிற ஊரில் எல்லாரும் திருடர்கள்தான் என்பது மேலே இருந்தவர்களின் எண்ணம். ஷிஃப்ட் முடிந்து வரும் ஆண்களைத் துணியை உதறச் சொல்லிச் சோதிப்பார்கள். சில நாள் காவல்காரர்கள் வீட்டுக்கே வந்து அடுப்புச் சாம்பலைக் கிளறுவார்கள். வந்தவர்கள் பெரியவர்களைக் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள். கையில் பெப்பர்மிண்டோடு குழந்தையிடம் குனிவார்கள்.

“அப்பா நேத்து இன்னா கொண்டாந்தாரு, கண்ணு?”

“தெரியாது.”

“எத்தினி மணிக்கு வந்தாரு?”

“தெரியாது.”

“உன் பேரு இன்னா?”

அதற்கும் நான் தெரியாது என்றே சொன்னேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள். பெப்பர்மிண்ட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டேனாம்.

எங்கே போகிறாய் என்று வெளியே கிளம்புகிறவரைக் கேட்டால் மற்ற ஊர்களில் அது சகுனத்தடை. எங்கள் ஊரில் அது ஆபத்து. ஒருவர் காரியத்தை ஒருவர் கேட்க மாட்டோம். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் நாளைக்கு முகத்தில் தெரியும். கேள்வி கேட்கிறவனை நம்பாதே என்று யாரும் எனக்குத் தனியாகச் சொல்லவில்லை. சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

இப்படி வளர்ந்த ஒருத்தியைக் கொண்டுபோய்த் தத்துவ வகுப்பில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெங்களூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன். தத்துவம் படித்துத்தான் தீருவேன் என்று எனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. நான் கேட்ட பாடத்தில் இடம் இல்லை, இதில் இருந்தது. தங்கியது ஒக்கலிபுரத்தில், அத்தை வீட்டில். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்பதால் துவைத்துப் போட்ட துணியில் தினமும் கரி படியும். மாமா அங்கே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவரும் எங்கள் லைனில் பிறந்து வளர்ந்தவர்தான். வெயிலானாலும் மழையானாலும் கழுத்தில் ஒரு பச்சை மஃப்ளர் சுற்றியிருப்பார். அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நம்ம ஊர் ஆள், நாகரிகம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குத் தத்துவம் எடுத்த விரிவுரையாளர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். தமிழ்க் கிறிஸ்துவர். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். கையில் புத்தகம் இருக்காது, சாக்பீஸ் இருக்காது. மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார். வகுப்பில் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் எனக்குக் கோபமும் பயமும் தமிழில்தான் வரும், அதனால் ஞாபகமும் தமிழில்தான் இருக்கிறது.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். “நியாயம்னா என்ன?”

வக்கீல் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். எதற்கும் முதலில் கையைத் தூக்குகிறவன். “சட்டப்படி நடக்கறது, சார்.”

“யார் போட்ட சட்டம்?”

“அரசாங்கம்.”

“முன்னே இருந்த அரசாங்கம் போட்ட சட்டத்தை மீறினவங்களுக்குத்தானே இப்போ மாலை போட்டுக் கூட்டம் நடத்தறோம். அவங்க செஞ்சது நியாயமா, அநியாயமா?”

“நியாயம்தான். அது வேற அரசாங்கம், சார்.”

“அப்போ நாற்காலியில ஆள் மாறினா நியாயமும் மாறுமா?”

பையன் முழித்தான். மாறாது என்றான். மாறாது என்றால் நீ முதலில் சொன்னது என்ன ஆயிற்று என்று அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். பையன் உட்கார்ந்துவிட்டான். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் காவல்காரர்கள் இதைத்தான் செய்வார்கள். முதலில் உன்னைப் பேசவிடுவார்கள், பிறகு நீ பேசியதை வைத்தே உன்னை மடக்குவார்கள். கத்த மாட்டார்கள், சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

அவர் கண் பெண்கள் பெஞ்சுக்கு வந்தது. என்னைப் பார்த்து, “நீ என்னம்மா நினைக்கிறே, நியாயம்னா என்ன?” என்றார்.

“தெரியாது, சார்.”

அவர் முகம் மலர்ந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேஜையிலிருந்து குதித்து இறங்கினார். “இன்னிக்கு இந்த வகுப்புல வந்த முதல் நல்ல பதில் இது” என்றார். கிரேக்க தேசத்தில் ஒரு கிழவர் இருந்தாராம். சந்தையில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்பாராம். தனக்கு எதுவும் தெரியாது என்பது தெரிந்த ஒரே மனிதர் அவர்தானாம். ஊரே எரிச்சல்பட்டு, கடைசியில் அவருக்கு விஷம் கொடுத்துவிட்டதாம். அந்தக் கிழவரின் பேத்தி என்று என்னைச் சொல்லாததுதான் பாக்கி.

நான் பிறந்ததிலிருந்து தெரியாது என்று சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் முறைத்திருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், அப்பாவை ஒருமுறை அறைந்திருக்கிறார்கள். சந்தோஷப்பட்டவன் ஒருத்தன்கூட இல்லை. இந்த மனிதர் ஏன் சந்தோஷப்படுகிறார்?

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. வகுப்பு முழுக்க இருந்தது. நோட்ஸ் கொடுக்க மாட்டார், ‘இதுதான் விடை, எழுதிக்கொள்’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். ஒன்றும் படிக்காமல் வந்து நம் வாயைப் பிடுங்கிக் காலத்தை ஓட்டுகிறார் என்றார்கள் சிலர். விடையெல்லாம் வைத்திருக்கிறார், டியூஷனுக்கு வருகிறவர்களுக்குத்தான் கொடுப்பார் என்றார்கள் வேறு சிலர். வக்கீல் வீட்டுப் பையன் அவர்மேல் பிரின்சிபாலிடம் புகார் சொல்லப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் புகார் என்று போனால், ‘உனக்கு என்ன குறை? அது குறை என்று எப்படித் தெரியும்?’ என்று பிரின்சிபாலும் கேட்டுவிடுவாரோ என்று அவனுக்குப் பயம்.

அவருடைய கேள்விகள் சுற்றிச் சுற்றி நாலைந்துதான். நீ சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அது உனக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தாயா, யாராவது சொன்னார்களா? இதற்கு நேர் எதிராக இருந்தால் உலகம் எப்படி இருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பாய்? இதை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் என்னை நிறுத்தினார்.

“நீ கோலார் பக்கம்தானே? பேச்சுல தெரியுது. எந்த லைன்?”

லைன் என்ற வார்த்தை ரிச்சர்ட்ஸ் டவுன்காரருக்கு எப்படித் தெரியும்? “சும்மா அந்தப் பக்கம், சார்” என்றேன்.

“எங்க சித்தப்பா அங்க பாஸ்டரா இருந்தார். லீவுக்குப் போவேன். இப்போ அங்க எப்படி இருக்கு? ஸ்ட்ரைக்குக்கு அப்புறம்?”

“தெரியாது, சார்.”

சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். ஏன் என்றால், அந்த ஸ்ட்ரைக்கில்தான் என் அண்ணன் தலைமறைவானான்.

அண்ணன் சுரங்கத்தில் ஃபிட்டர். யூனியனில் முன்னால் நிற்கிறவன். ஸ்ட்ரைக்கின்போது ஒரு கைகலப்பில் காவல்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வழக்கில் முதல் பெயர் அண்ணனுடையது. அவன்தான் அடித்தானா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வழக்கம் இல்லையே. பிடித்தால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அவன் பெங்களூருக்கு ஓடிவந்து ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேறு பெயரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே படுத்துக்கொண்டிருந்தான். அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவுக்குக்கூட பெங்களூர் என்ற அளவில்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் டிபன் காரியரில் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, சிட்டி மார்க்கெட்டில் இறங்கி, எதிர்ப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து, வேறு பஸ் பிடித்து அவனிடம் போவேன். நேராகப் போனதே இல்லை.

அத்தைக்கு இது பொறுக்காது. “ஞாயித்துக்கிழம ஆனா காரியர தூக்கிகினு எங்கடி போற? யாருக்குடி சோறு?” என்று ஆரம்பிப்பாள்.

“சிநேகிதிக்கு” என்று முனகுவேன்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “வுடு, படிக்கிற பொண்ணு, அவளுக்கு ஆயிரம் வேல கீது” என்று அத்தையை அடக்கிவிடுவார். வழியில் நீட்டியிருக்கிற காலை மடக்கி எனக்கு வழி விடுவார். அத்தைமேல் எரிச்சலும் மாமாமேல் நன்றியுமாக வெளியே போவேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு வியாழக்கிழமை அந்த வகுப்பு வந்தது. பொய் சொல்லலாமா என்பது அன்றைய விஷயம். கூடாது, எப்போதும் கூடாது என்று வகுப்பு முழுக்க ஒருமனதாகச் சொல்லியிருந்தது. அவர் மேஜையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்க வீட்டுல ஒருத்தரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க. வாசல்ல போலீஸ் வந்து, அந்த ஆள் எங்கேன்னு கேக்குது. பிடிச்சா அடிச்சே கொன்னுடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். என்ன சொல்வீங்க?”

வகுப்பில் சத்தம் கிளம்பியது. சொல்லிவிடுவேன், சொல்ல மாட்டேன் என்று கத்தினார்கள். அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. வாசல்ல நிக்கறான். நீ என்ன சொல்வே?”

“தெரியாது, சார்.”

“இது எனக்குச் சொல்ற பதிலா, போலீஸ்காரனுக்குச் சொல்ற பதிலா?”

வகுப்பே சிரித்தது. நல்ல வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இனி சந்தேகமே இல்லை, அவருக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு செய்துவிட்டேன். வகுப்பு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் போன பிறகு நேராக அவரிடம் போனேன். பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் எனக்குக் கோபமாக மாறிவிடும், அன்றும் அப்படித்தான்.

“நீங்க ஏன் சார் இப்படிக் கேள்வியா கேக்கறீங்க? உங்களுக்கு என்ன வேணும்?”

பெரியவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

“எனக்குத் தெரியாததனாலதான் கேக்கறேன். வேற எதுக்குக் கேக்கணும்?”

“பிடிச்சுக் குடுக்கறதுக்கும் கேப்பாங்க.”

அவர் யோசித்தார். வேடிக்கை பேசுகிற முகம் இல்லை. “பிடிக்கணும்னு நினைக்கறவன் கேப்பானா? கேட்டா நீ உஷாராயிடுவியே. கெட்டிக்காரனா இருந்தா ஒண்ணுமே கேக்க மாட்டான். நீ போற வழியில பேசாம பின்னாலேயே வருவான். இல்லையா?”

ஒக்கலிபுரம் வரைக்கும் நடந்தே போனேன். என்னை அடக்க இவர் சொன்ன சமாதானம் இது என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம், அவருடைய அந்த நாலைந்து கேள்விகள் என்னை அறியாமலே தலைக்குள் ஓட ஆரம்பித்தன. அவர் போலீஸ் ஆள் என்கிறாயே, அது உனக்கு எப்படித் தெரியும்? கேட்கிறார், அதனால். கேட்கிறவர்கள் எல்லாம் போலீஸா? அத்தை கேட்கிறாள். குழாயடியில் எல்லாரும் கேட்கிறார்கள். கண்டக்டர் கேட்கிறான். உன்னிடம் கேட்காதவர் யார்?

கேட்காதவர் ஒரே ஒருத்தர்தான்.

நடுரோட்டில் நின்றுவிட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்டி மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் பச்சை மஃப்ளர் ஒன்றைப் பார்த்திருந்தேன். மாமா வெற்றிலை வாங்க வந்ததாகச் சொன்னார். ஒக்கலிபுரத்தில் இல்லாத வெற்றிலையா? ரயில்வேயில் யூனியன் ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிய சமயம் அது. அதே சமயத்தில், வருஷக்கணக்கில் டெம்பரரியாக இருந்த மாமாவுக்கு வேலை பர்மனென்ட் ஆனது. அத்தை பாயசம் வைத்தாள், நானும் ரெண்டு டம்ளர் குடித்தேன். லைனில் பிறந்த மனுஷருக்கு எங்களைப் பற்றித் தெரியாதா? கேட்டால் வாயை மூடிக்கொள்வோம், கேட்காமல் விட்டால் காரியரைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் போவோம்.

ஆனால் இதெல்லாம் கண்ணால் பார்த்ததா, நானாகக் கோர்த்ததா? அதையும் கேட்டுக்கொண்டேன். விரிவுரையாளர், மாமா, ரெண்டு பேரில் ஒருத்தர் என்னை வைத்து அண்ணனைப் பிடித்துக்கொடுக்கப் பார்க்கிறார். யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் களி கிளறி, குழம்பு வைத்து, காரியரை அடுக்கினேன். மாமா காலை மடக்கி வழி விட்டார். ஆடுகோடிக்குப் போகவில்லை. எதிர்த் திசையில் பஸ் ஏறி ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு, விரிவுரையாளர் வீட்டுக்குப் போனேன்.

விலாசம் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸை விட்டு இறங்கி, சர்ச் மதில் ஓரமாக நடந்து திரும்பிப் பார்த்தேன். ஒரு மரத்தடியில் பச்சை மஃப்ளர் நின்றிருந்தது. பக்கத்தில் போலீஸ் பூட்ஸ் போட்ட ரெண்டு பேர். மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனுஷர் கையால் நான் சாப்பிட்டிருக்கிறேன், ஜுரம் வந்தபோது தர்மாஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

விரிவுரையாளர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார் போலிருக்கிறது, கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காரியரும் நானுமாக வாசலில் நின்றதைப் பார்த்து, “வாம்மா, உள்ளே வா” என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி நாற்காலி இழுத்துப் போட்டாள். நான் உட்காருவதற்குள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த ரெண்டு பேர்தான். மஃப்ளர் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஒருவர் கன்னடத்தில் கேட்டார். இப்போது இங்கே வந்த பெண் யாரைப் பார்க்க வந்தாள்? தங்கவயல் பையன் ஒருத்தன் இந்த வீட்டில் இருக்கிறானாமே?

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது.

“கொத்தில்ல” என்றார் அவர். தெரியாது என்பதற்குக் கன்னடம். பிறகு, அவர் வழக்கப்படி, “யார் அந்தப் பையன்? என்ன செஞ்சான்? இங்க இருக்கான்னு யார் சொன்னாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஆரம்பித்துவிட்டார். உள்ளே வந்து பாருங்கள் என்று கதவை அகலத் திறந்தார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லைனில் நாங்கள் சொன்ன ‘தெரியாது’வை எந்தக் காவல்காரனும் ஒருநாளும் நம்பியதில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எங்களுக்குத் தெரியும். இவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாதவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். இதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கேட்காதவனைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று இவர்தானே சொன்னார்? எனக்கு மறுபடியும் குடைய ஆரம்பித்தது.

“நீங்க ஏன் சார் ஒண்ணும் கேக்கலை?”

“கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும்” என்றார். “நாளைக்கு அவங்க திரும்பி வருவாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது, அதுக்கு நான் என்ன பண்ண?” கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கடைசியில் அடக்க முடியாமல் ஒன்று கேட்டார். “காரியர்ல என்ன இருக்கு? அதையாவது தெரிஞ்சுக்கலாமா?”

கருவாட்டுக் குழம்பு என்றேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. மாமா கூட்ஸ் ஷெட்டில் இருக்கிற நேரம் பார்த்து, கல்லூரிக்குக் கிளம்பியவள் பாதி வகுப்பில் எழுந்து ஆடுகோடிக்குப் போனேன். அண்ணன் எண்ணெய்க் கையோடு பட்டறைப் பின்பக்கம் வந்தான்.

“இன்னா, இந்நேரத்துல? நேத்து ஏன் வர்ல?”

மாமா என்றேன். மஃப்ளரைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு வந்தான். என் தலையில் கை வைத்தான். எண்ணெய் நாற்றம் அடித்தது.

“சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்கோ. நான் போறது…”

காதை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். “சொல்லாதண்ணா. எனக்குத் தெரியக் கூடாது.”

அவன் வாய் அசைந்து நின்றது. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது, அவனும் லைன்காரன்தானே. ஓசூர் ரோட்டில் எந்தப் பக்கம் போகிறான் என்றுகூட நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். நன்றாகத் திட்டம் போட்டுவிட்டதாக எனக்கு அன்றைக்குப் பெருமைகூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காரியரைத் தொடவில்லை. மாமா பேப்பரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறியது. ஒரே பக்கத்தையே வெகு நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு எங்கியும் போவலியா?”

அந்த வீட்டில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. நான் இல்லை என்று தலையசைத்தேன். அத்தை அடுப்படியில் இருந்தாள். மாமா குரலைத் தாழ்த்தினார்.

“எங்க கீறான் அவன்?”

“தெரியாது, மாமா.”

அவர் பேப்பரை இறக்கி என் முகத்தைப் பார்த்தார். தெரியாது என்பதில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் பார்த்து வளர்ந்தவர். நானும் முகத்தை மறைக்கவில்லை, மறைக்க ஒன்றும் இல்லையே. பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் வரவில்லை. நானும் அந்த மாதமே கல்லூரி ஹாஸ்டலுக்கு மாறிவிட்டேன்.

அம்மா அந்த மாதக் கடைசியில் ரயிலேறி வந்தாள். ஹாஸ்டல் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு கேட்டாள். எங்கள் வீட்டில் ஒருவர் ஒருவரைக் கேட்காத கேள்வி அது. பெற்றவள், தாங்க முடியவில்லை.

“எங்கடி கீறான் என் புள்ள?”

“தெரியாதும்மா.”

அவள் என் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “அப்பிடித்தான். எங்கிட்டகூட சொல்லாத. யார் கேட்டாலும் இதயே சொல்லு” என்று என் கன்னத்தைத் தட்டினாள். நான் அவள் சொல்லிக்கொடுத்தபடி நன்றாக மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இல்லையம்மா, நிஜமாகவே தெரியாது என்று சொல்ல நினைத்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களில் அந்த வழக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. இனி வரலாம் என்று சொல்லி அனுப்ப எனக்கு விலாசம் இல்லை. அவனும் வரவில்லை. நான் எம்.ஏ. முடித்து அதே கல்லூரியில் தத்துவம் எடுக்கத் தொடங்கினேன். மேஜையில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து தெரியாது என்று சொன்னால் எனக்கு அவரைப்போல் சந்தோஷம் வராது. எந்தத் தெரியாது என்று முகத்தைப் பார்ப்பேன்.

அம்மா வரும்போதெல்லாம் அதே மரத்தடியில், பிறகு என் வீட்டில், அதே கேள்வியைக் கேட்டாள். நான் அதே பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போனாள். கடைசிவரை அப்படித்தான். மாமா ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை, எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தவள் கண்டுபிடிக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை.